டேனியல் பூன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் பக்கம். ஊரிலிருந்து யார் வந்தாலும் பூன்ஸ்பரோ கோட்டையைக் காட்ட அழைத்துப் போவேன். வழியெல்லாம் பூன் பெயரில் சாலை, பள்ளி, மாவட்டம் என்று பலகைகள். காரில் ஏறியதும் கேள்விகள் ஆரம்பித்துவிடும், யார் வந்தாலும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த டேனியல் பூன்? கவ்பாயா?

இல்லை. கவ்பாய்கள் மேற்குப் புல்வெளிகளில் மாட்டு மந்தை ஓட்டிய காலத்துக்கு ஒரு நூற்றாண்டு முந்தியவர் இவர். பென்சில்வேனியாவில், இன்றைய ரெடிங் நகரத்துப் பக்கம், 1734இல் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் ஆறாவது. அப்பா ஸ்குவயர் பூன் இங்கிலாந்திலிருந்து வந்தவர். நெசவு, கொல்லுப்பட்டறை, கொஞ்சம் விவசாயம் என்று பிழைத்தார். மூத்த பிள்ளைகள் சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டதில் சபைக்கும் அப்பாவுக்கும் தகராறு. கடைசியில் அவரைச் சபையை விட்டே நீக்கினார்கள். 1750இல் குடும்பம் தெற்கே கிளம்பி வட கரோலினாவின் யாட்கின் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

வேட்டைக்காரர், வழி வெட்டியவர், குடியேறி, நில அளவையாளர், ஷெரிஃப், குடிப்படை (ஊர்க்காரர்களே ஆயுதம் எடுக்கும் படை) அதிகாரி, சத்திரக்காரர், மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர், கடைசியில் கடனாளி. எல்லாம் ஒரே ஆள்தான். சினிமாவும் தொலைக்காட்சியும் வேட்டைக்காரரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட்டன. என்னைக் கேட்டால் விட்டுப்போனவர்கள்தான் சுவாரஸ்யமானவர்கள்.

எல்லைப்புறம், எல்லைப்புறம்னு சொல்றீங்களே, எந்த நாட்டோட எல்லை?

இரண்டு நாடுகளுக்கு நடுவே போட்ட கோடு அல்ல. ஆங்கிலேயக் குடியேற்றங்கள் அட்லாண்டிக் கரையோரமாக இருந்தன. அவற்றுக்கு மேற்கே அப்பலாச்சிய மலைத்தொடர் சுவர் மாதிரி நீண்டு கிடந்தது. மலையடிவாரம் வரை பண்ணை, வரி, நீதிமன்றம் எல்லாம் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் ஷானி, செரோக்கி முதலான பூர்வகுடிகளின் நிலம். இரண்டும் உரசிக்கொண்ட அகலமான பட்டைதான் எல்லைப்புறம். அது வருஷா வருஷம் மேற்கே நகர்ந்துகொண்டே இருந்தது.

1763இல் பிரிட்டிஷ் மன்னர் ஒரு பிரகடனம் போட்டார். மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது, தனியார் யாரும் பூர்வகுடிகளிடமிருந்து நிலம் வாங்கவும் கூடாது என்றார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படிச்சவரா? கையெழுத்தாவது போடத் தெரியுமா?

தெரியும். எழுத்துப் பிழை மலிந்தவர், அவ்வளவுதான். அவர் கடிதங்களைப் பார்த்தால் காதில் கேட்டபடி எழுதுகிறவர் என்று புரியும். ஆனால் வாசிக்கும் பழக்கம் இருந்தது. 1770இல் கென்டக்கிக் காட்டில் முகாம் போட்டிருந்தபோது அவருடைய கூட்டத்திடம் கலிவரின் பயணக் கதைப் புத்தகம் இருந்தது. அதில் வரும் ஊரின் பெயரைத் திரித்து ஒரு ஓடைக்கு லல்பெக்ரட் என்று வைத்தார்கள். அந்த ஓடை இன்றும் அதே பெயரில் ஓடுகிறது. பின்னாளில் ஒரு நில வழக்கில் இந்தப் பெயர் எப்படி வந்தது என்று பூனே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

கென்டக்கியைக் கண்டுபிடிச்சதே அவர்தானாமே?

அவர் பிறப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். பூன் நடந்த தடங்களில் பெரும்பகுதி காட்டெருமைகளும் பூர்வகுடிப் போர்வீரர்களும் போட்டுவைத்தவை. வெள்ளையர்களை மட்டும் கணக்கில் எடுத்தாலும் அவர் முதல்வர் இல்லை. தாமஸ் வாக்கர் என்ற வர்ஜீனியாக்காரர் 1750லேயே அப்பலாச்சிய மலையில் உள்ள கம்பர்லாந்து கணவாயைக் கடந்திருக்கிறார். பூனுக்கு வழி சொன்னவரே ஜான் ஃபின்லி என்ற வியாபாரிதான். 1755இல் பிராடக் தளபதியின் படை பிரெஞ்சுக்காரர்களிடம் செமத்தியாக அடி வாங்கிய படையெடுப்பில் பூன் வண்டியோட்டி. அப்போது பழக்கமான ஃபின்லி, 1769இல் அவரைக் கணவாய் வழியாகக் கூட்டிப் போனார்.

முதல் ஊர் என்ற பெருமையும் பூன்ஸ்பரோவுக்குக் கிடையாது. ஹாராட்ஸ்பர்க் 1774லேயே தொடங்கிவிட்டது. பூன் செய்தது வேறு. 1775 மார்ச்சில் சுமார் முப்பது கோடரிக்காரர்களோடு கிளம்பி, கணவாய் வழியாகக் கென்டக்கி ஆற்றங்கரையில் பூன்ஸ்பரோ எழுந்த இடம் வரை குடும்பங்கள் வந்து சேரும்படி ஒரு தடத்தை வெட்டினார். போகிற வழியிலேயே ஒரு விடியற்காலைத் தாக்குதலில் ட்விட்டி என்பவரும் அவருடைய அடிமை சாமும் செத்தார்கள். அந்தத் தடத்துக்குத்தான் வனப்பாதை என்று பெயர். தொடக்கத்தில் வண்டி போகாது, நடையும் குதிரையும்தான்.

சரி, அந்த நிலத்தை யாரு யாருக்கு வித்தாங்க?

ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற வட கரோலினா நீதிபதி, கூட்டாளிகளோடு டிரான்சில்வேனியா கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கினார். (டிராகுலா ஊர் இல்லை. லத்தீனில் ‘காட்டுக்கு அப்பால்’ என்று பொருள்.) 1775 மார்ச்சில் சிக்கமோர் ஷோல்ஸ் என்ற இடத்தில் செரோக்கித் தலைவர்களைக் கூட்டி, 10,000 பவுண்டு மதிப்புள்ள சரக்குக்கு ஏறக்குறைய 2 கோடி ஏக்கரை வாங்கியதாக எழுதிக்கொண்டார்கள். டிராகிங் கனூ என்ற இளம் தலைவர் எதிர்த்து வெளியேறினார். பிறகு பல ஆண்டுகள் சண்டையும் போட்டார்.

இந்தக் கிரயம் எந்தப் பக்கம் பார்த்தாலும் செல்லாது. மன்னரின் பிரகடனப்படி தனியார் வாங்கக் கூடாது. வர்ஜீனியாவோ அந்த நிலம் தன்னுடையது என்றது. ஓஹியோ ஆற்றுக்கு வடக்கே ஊர்களை வைத்துக்கொண்டு கென்டக்கியில் வேட்டையாடி வந்த ஷானிகளை யாரும் கேட்கவே இல்லை. பூன் இந்தக் கம்பெனிக்கு வேலை பார்த்தவர். இது அவர் வரலாற்றில் கொஞ்சம் மெதுவாகப் படிக்க வேண்டிய பக்கம்.

காட்டுக்குள்ளயே சட்டசபை நடந்துச்சாமே, அது எப்படி?

நான் கோட்டைக்குப் போனால் அதிக நேரம் பேசுவது இதைப் பற்றித்தான். 1775 மே 23ஆம் தேதி. கோட்டைச் சுவர் பாதிகூட எழும்பவில்லை. நான்கு சிறு குடியேற்றங்களிலிருந்து வந்த பிரதிநிதிகள் ஒரு பெரிய எல்ம் மரத்தடியில் கூடினார்கள். கட்டடம் என்று எதுவும் இல்லை, மரமே மண்டபம். சில நாட்களில் ஒன்பது சட்டங்கள் நிறைவேறின. நீதிமன்றம், குடிப்படை, குற்றத்துக்குத் தண்டனை, கெட்ட வார்த்தை பேசுவதற்கும் ஞாயிறு ஓய்வை மீறுவதற்கும் தடை என்று போகிறது பட்டியல்.

பூன் கொண்டுவந்த மசோதாக்கள் இரண்டு. ஒன்று காட்டு விலங்குகளைப் பாதுகாக்க, இன்னொன்று குதிரை இனத்தை மேம்படுத்த. தோலுக்காக மான் சுட்டே வயிறு வளர்த்த ஒருவர் வேட்டைக்குக் கட்டுப்பாடு கேட்கிறார் என்றால் நிலைமை அப்படி. வந்து இறங்கிய சில வாரங்களுக்குள் கோட்டையைச் சுற்றி விலங்கே இல்லை. இறைச்சிக்குப் பதினைந்து இருபது மைல் போக வேண்டியிருக்கிறது என்று ஹெண்டர்சன் புலம்பியிருக்கிறார். குதிரை மசோதாவைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இந்த மாநிலத்துக்கு இன்று உலகப் பெயரே குதிரையால்தான்.

அந்தச் சபைக்கு ஆயுள் குறைவு. மேலே சொன்ன செல்லாத கிரயத்தை வர்ஜீனியா 1778இல் அதிகாரபூர்வமாக ரத்து செய்தது. ஹெண்டர்சன் கம்பெனிக்கு ஆறுதலாக 2 லட்சம் ஏக்கர் கொடுத்தார்கள். கம்பெனி பூனுக்குத் தருவதாகச் சொன்ன நிலம் காற்றோடு போனது.

அவர் பொண்ணைக் கடத்திட்டுப் போனாங்களாமே, நிஜமா கதையா?

நிஜம். 1776 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. ஜெமைமா பூனும் காலவே குடும்பத்துச் சகோதரிகள் இருவரும் ஆற்றில் படகு விட்டுக்கொண்டிருந்தபோது ஷானிகளும் செரோக்கிகளும் கொண்ட சிறு கூட்டம் பிடித்துப் போனது. பெண்கள் வழியில் கிளைகளை ஒடித்தும் காலைத் தரையில் அழுத்தியும் தடம் விட்டார்கள். பூனும் மற்றவர்களும் இரண்டு நாள் துரத்தி மீட்டார்கள். மீட்பைப் பாடுகிறவர்கள் அந்தத் தடயங்களை மறந்துவிடுகிறார்கள், பாதி வேலை பெண்கள் செய்தது.

ஷானிகள் அவரை மகனாவே தத்தெடுத்துக்கிட்டாங்களாம். அப்போ இவர் துரோகி இல்லையா?

அந்தக் காலத்திலேயே அவர் மேல் இதே குற்றச்சாட்டில் வழக்கு நடந்தது. 1778 பிப்ரவரியில் பூன் முப்பது பேர் வரை சேர்த்துக்கொண்டு புளூ லிக்ஸ் உப்பூற்றுக்கு உப்புக் காய்ச்சப் போனார். உப்பு இல்லாமல் இறைச்சியைப் பதப்படுத்த முடியாது, கோட்டை பட்டினி கிடக்கும். வேட்டைக்குத் தனியாகப் போனவரை ஷானித் தலைவர் பிளாக்ஃபிஷின் படை பிடித்தது. படை கோட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கோட்டையிலோ பெண்களும் குழந்தைகளும் முடியாத சுவரும். பூன் பேச்சுவார்த்தை நடத்தி, உப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தவர்களைச் சண்டை போடாமல் சரணடைய வைத்தார். ‘இப்போது இவர்களைக் கூட்டிப் போங்கள், வசந்த காலத்தில் கோட்டையையே ஒப்படைக்கிறேன்’ என்பது பேரம்.

பிளாக்ஃபிஷ் அவரைத் தத்தெடுத்து ஷெல்டோவி என்று பெயர் வைத்தார், பெரிய ஆமை என்று பொருள். டெட்ராய்ட்டில் பிரிட்டிஷ் அதிகாரி ஹாமில்டன் 100 பவுண்டு தருகிறேன் என்று கேட்டும் கொடுக்க மறுத்தார். ஜூன் மாதம் ஷானிகள் பூன்ஸ்பரோவைத் தாக்கத் தயாராவதைப் பார்த்ததும் பூன் தப்பினார். 160 மைலை நாலைந்து நாளில் கடந்து கோட்டைக்கு வந்து எச்சரித்தார். செப்டம்பரில் நானூறு பேருக்கு மேல் வந்து பத்து நாளுக்கு மேல் முற்றுகையிட்டார்கள். ஆற்றங்கரையிலிருந்து சுரங்கம்கூடத் தோண்டினார்கள். மழையில் அது சரிந்தது. கோட்டை நின்றது.

முற்றுகை முடிந்த கையோடு, கடத்தப்பட்ட சகோதரிகளின் அப்பா காலவேயும் இன்னொரு குடிப்படை அதிகாரி பெஞ்சமின் லோகனும் பூன் மேல் ராணுவ விசாரணை கொண்டுவந்தார்கள். எல்லாமே நேரத்தை இழுக்கச் செய்த தந்திரம் என்றார் பூன். விடுதலையும் கிடைத்தது, மேஜர் பதவி உயர்வும் கிடைத்தது. என் கணிப்பு: தந்திரம் என்பது உண்மை, ஷானிகளோடு அவருக்கு ஏற்பட்ட ஒட்டுதலும் உண்மை. வயதான காலத்தில் மிசௌரியில், பழைய ஷானி நண்பர்கள் சிலரோடு மறுபடி பழகியிருக்கிறார். சிறைபிடிக்கப்பட்டு உடனே திரும்ப முடியாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு இந்த விளக்கம் எதுவும் ருசித்திருக்காது.

அந்த நேரத்துல அவர் சம்சாரம் என்ன பண்ணினாங்க?

ரெபெக்கா அவர் செத்துவிட்டார் என்றே முடிவு கட்டி, பிள்ளைகளோடு வட கரோலினாவுக்குத் திரும்பியிருந்தார். பூன் தப்பி வந்தபோது குடும்பத்தில் கோட்டையில் காத்திருந்தது ஜெமைமா மட்டும். பத்துப் பிள்ளை பெற்று, தாயில்லாத உறவுக் குழந்தைகளையும் வளர்த்து, மாதக்கணக்கில் காட்டில் இருக்கும் புருஷனுக்காகப் பண்ணையும் பார்த்தவர். பின்னாளில் ஓஹியோ ஆற்றங்கரையில் லைம்ஸ்டோன் என்ற ஊரில் சத்திரம் நடந்ததும் அவர் கையால்தான். மூத்த மகன் ஜேம்ஸ் 1773இல் முதல் குடியேற்ற முயற்சியிலேயே கொல்லப்பட்டான், அப்போது வயது 16. இன்னொரு மகன் இஸ்ரேல் 1782இல் போரில். கென்டக்கிக்கு அதிக விலை கொடுத்தவர் ரெபெக்கா என்பேன்.

சுதந்திரப் போர்ல எந்தப் பக்கம்?

அமெரிக்கர்கள் பக்கம். ஆனால் அவர் பார்த்த போர் கிழக்கே வாஷிங்டன் நடத்திய மாதிரியானது அல்ல. பிரிட்டிஷார் துப்பாக்கி மருந்து கொடுக்க, பூர்வகுடிகள் தங்கள் நிலத்துக்காகப் போட்ட சண்டை. அதனால்தான் யார்க்டவுனில் பிரிட்டிஷார் சரணடைந்து பத்து மாதம் கழித்து, 1782 ஆகஸ்டில், அதே புளூ லிக்ஸில் ரத்தம் ஓடியது. எதிரி பதுங்கியிருக்கிறான், பொறுங்கள் என்று பூன் எச்சரித்தார். கேட்காமல் ஆற்றில் பாய்ந்தார்கள். எழுபது பேர் வரை செத்தார்கள். இஸ்ரேல் விழுந்தது அங்கேதான்.

எம்.எல்.ஏ. ஆனது எப்போ? கென்டக்கி சட்டசபையா?

இல்லை, வர்ஜீனியா சட்டமன்றம். 1792 வரை கென்டக்கி தனி மாநிலம் கிடையாது. 1781இல் ஃபயெட் மாவட்டத்திலிருந்து, 1787இல் பூர்பன் மாவட்டத்திலிருந்து, 1791இல் கனாவா மாவட்டத்திலிருந்து தேர்வானார். மூன்று முறையும் மூன்று வெவ்வேறு தொகுதி. மனுஷன் ஒரு இடத்தில் தங்கினால்தானே! கனாவா இன்று மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது.

முதல் முறையே அமர்க்களம். வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டைப் பிரிட்டிஷ் படை நெருங்கவே சட்டமன்றம் சார்லட்ஸ்வில்லுக்கு ஓடியது. ஆளுநர் அப்போது தாமஸ் ஜெஃபர்சன். 1781 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் அதிகாரி டார்ல்டனின் குதிரைப்படை அங்கேயும் பாய்ந்தது. ஜாக் ஜூவெட் என்பவர் இரவெல்லாம் குதிரையில் வந்து எச்சரித்ததால் ஜெஃபர்சனும் பெரும்பாலான உறுப்பினர்களும் தப்பினார்கள். பூன் உட்படச் சிலர் மாட்டிக்கொண்டார்கள். சில நாளில் வாக்குறுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஷானிகளிடமிருந்து ஓடித் தப்பியவர் சட்டமன்ற வேலையில் பிடிபட்டார்.

அங்க போய் என்னதான் சாதிச்சார்?

அவர் பெயரைச் சொல்லும்படி பெரிய சட்டம் ஒன்றும் இல்லை. பேச்சாளரும் அல்லர். கடற்கரைப் பக்கத்துப் பெரும் பண்ணையார்கள் நிறைந்த சபையில் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களின் குரலாக, துப்பாக்கி மருந்து, குடிப்படைக்குச் சம்பளம், காவல் என்று கேட்க ஒருவர் தேவை, அதற்குப் போனார். தேர்ந்தெடுத்தவர்களும் அதற்குத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய இரண்டு மசோதாக்களை நினைவில் வைக்க வேண்டுமென்றால் எல்ம் மரத்தடிக்குத்தான் போக வேண்டும்.

இத்தனை காட்டைப் பார்த்தவர் கடைசியில நிலமே இல்லாம போனாராமே, ஏன்?

காகிதத்தால். 1779ஆம் ஆண்டு வர்ஜீனியா நிலச் சட்டப்படி முன்பே குடியேறியவர்களுக்கு 400 ஏக்கரும், பக்கத்தில் 1,000 ஏக்கர் வாங்க முன்னுரிமையும் உண்டு. மற்றவர்கள் பணம் கட்டி உரிமைச் சீட்டு வாங்கலாம். சீட்டு வாங்கினால் நிலம் வந்துவிடாது. எந்த இடம் என்று துல்லியமாகக் குறித்துப் பதிய வேண்டும், அளக்க வேண்டும், அளவை தாக்கல் ஆக வேண்டும், பிறகுதான் பட்டா. அரசு முன்கூட்டி எதையும் அளந்து வைக்கவில்லை. ‘ஓடை முனையில் நிற்கும் ஓக் மரத்திலிருந்து’ என்று எல்லை எழுதினார்கள். மரம் விழுந்தால் எல்லையும் விழுந்தது. ஒரே நிலத்தை மூன்று நான்கு பேர் ஓட்டுச் சில்லு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்தார்கள்.

பூனின் பதிவுகள் பல்லாயிரம் ஏக்கர் தேறும். ஆனால் படிகளில் ஏதாவதொன்றைத் தவறவிடுவார், அல்லது வக்கீல் வைத்திருப்பவர் முந்திக்கொள்வார். அடுத்தவர்களுக்காக அவர் அளந்து கொடுத்த நிலங்களிலும் தகராறு வந்தது, அவர்களும் வழக்குப் போட்டார்கள். 1780இல் நடந்தது இன்னும் மோசம். தன் பணத்தோடு மற்றவர்கள் நம்பிக் கொடுத்ததையும் சேர்த்து சுமார் 20,000 டாலர் எடுத்துக்கொண்டு சீட்டு வாங்கப் போனார். தங்கிய சத்திரத்தில் திருட்டுப் போய்விட்டது. சிலர் மன்னித்தார்கள், சிலர் விடவில்லை. ஆண்டுக்கணக்கில் அடைத்தார். 1798இல் நீதிமன்ற அழைப்புக்கு வராததால் அவரைக் கைது செய்ய உத்தரவு. அதே ஆண்டு கென்டக்கி ஒரு மாவட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது.

அடிமைகள் வெச்சிருந்தாரா?

வைத்திருந்தார். 1787 வாக்கில் அவரிடம் ஏழு அடிமைகள் இருந்தார்கள். கோட்டைக்குள்ளும் கறுப்பின மக்கள் இருந்தார்கள், முற்றுகையில் எதிர்ப்பக்கத்திலும் இருந்தார்கள். ஷானிகளின் மொழிபெயர்ப்பாளராக வந்து பேசிய பாம்பியும் கறுப்பினத்தவர்தான். 1773இல் ஜேம்ஸ் கொல்லப்பட்டதை ஒளிந்திருந்து பார்த்து வந்து சொன்னவர் ஆடம் என்ற அடிமை. விடுதலை தேடி மேற்கே போனவர்கள் என்று இந்தக் குடியேறிகளைப் பாராட்டும்போது இந்தப் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த வால் தொங்குற ரக்கூன் தொப்பி? எத்தனை பேரைச் சுட்டார்?

தொப்பி பொய். அவர் போட்டது அகல விளிம்பு கொண்ட ஃபெல்ட் தொப்பி. ரக்கூன் தொப்பி நாடகமும் தொலைக்காட்சியும் மாட்டியது. இரண்டாவது கேள்விக்கு, நிச்சயமாகத் தெரிந்து கொன்றது ஒருவரைத்தான் என்று முதுமையில் அவர் சொன்னதாகக் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். பெருமையாகச் சொன்னதல்ல.

மிசௌரிக்கு எதுக்குப் போனார்?

1799இல் அது ஸ்பானிஷ் ஆட்சிப் பகுதி, அமெரிக்காவே இல்லை. கடன்காரர்களும் வக்கீல்களும் இல்லாத இடம். ஸ்பானிஷ்காரர்கள் நிலம் தருவதாகச் சொல்லி, ஃபெம் ஓசேஜ் பகுதிக்கு அவரை நீதிபதி மாதிரியான பொறுப்பில் வைத்தார்கள். மரத்தடியிலேயே பஞ்சாயத்து நடத்தினார் என்பார்கள். எல்ம் மரம் நினைவுக்கு வருகிறதா?

அப்புறம் பழைய கதைதான். 1803இல் அமெரிக்கா, மிசௌரியும் அடங்கிய லூசியானா பகுதியை வாங்கியது. பூனின் நிலம் முறைப்படி பதிவாகவில்லை என்று புது அரசு தள்ளுபடி செய்தது. 1814இல் அமெரிக்க நாடாளுமன்றம் 850 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தது. பெரும்பகுதியை விற்றுக் கென்டக்கிக் கடனை அடைத்தார்.

கல்லறை ரெண்டு இடத்துல இருக்காமே, எதுல இருக்கார்?

1820 செப்டம்பர் 26 அன்று மகன் நேதன் வீட்டில் 85 வயதில் இறந்தார். மிசௌரியில் ரெபெக்காவின் கல்லறைப் பக்கம் புதைத்தார்கள். 1845இல் கென்டக்கிக்காரர்கள் போய்த் தோண்டி இருவர் எலும்புகளையும் எடுத்துவந்து தலைநகர் ஃபிராங்க்ஃபோர்ட்டில் புதைத்தார்கள். ரெபெக்காவின் பக்கத்தில் வேறொருவர் இருந்தார், பூன் இருந்தது ரெபெக்காவின் காலடியில், இவர்கள் தவறான குழியைத் தோண்டிவிட்டார்கள் என்று மிசௌரிக்காரர்கள் சொல்கிறார்கள். அந்த இடுகாட்டில் அடிமைகளும் புதைக்கப்பட்டிருந்தார்கள். 1845இல் எடுத்த மண்டையோட்டின் அச்சை 1983இல் ஆராய்ந்த ஒரு தடயவியல் நிபுணர், அது கறுப்பினத்தவர் ஒருவருடையதாக இருக்கலாம் என்றார். அச்சு சரியாக இல்லாததால் உறுதி சொல்ல முடியவில்லை.

இங்கிருந்து ஃபிராங்க்ஃபோர்ட் பக்கம்தான். குன்றின் மேல் கல்லறை, கீழே கென்டக்கி ஆறு வளைந்து போகும். நேரம் இருந்தால் அழைத்துப் போகிறேன். பூ வைக்க ஆசைப்பட்டால் ரெபெக்காவுக்கு வையுங்கள், அவர் எலும்பில் யாரும் சந்தேகப்படுவதில்லை.